பழைய தகரம்: பழுதுபார்ப்பதா, பூசுவதா, மாற்றுவதா?

மாரி பிறக்குமுன் கூரையையும் சுவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பது நம் வீட்டுத் தலைவியர் வழக்கம். ஓலை வீடாயின் வேய்வதற்கு நாட் குறிப்பர். இன்றோ வன்னி வளவுகள் பலவற்றில் ஓலையின் இடத்தைத் தகரம் பிடித்துக்கொண்டது. குசினிச் சுவர், மாட்டுக் கொட்டில், கிணற்றடி மறைப்பு, தெருவேலி என எங்கும் அதுவே. ஓலையை எப்போது மாற்றுவது என்பதை யாவரும் அறிவர். தகரத்தை எப்போது மாற்றுவது என்பதிலேதான் வீட்டுக்கு வீடு வழக்கு.

அலைபோல் மடித்த இரும்புத் தகட்டுக்கு 1829 இல் ஹென்றி பாமர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் காப்புரிமை பெற்றார். இரும்புக்குத் துத்தநாகம் பூசும் முறைக்கு 1837 இல் பிரான்சிலே சொரெல் என்பவர் உரிமை பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததே நமது தகரம். துத்தநாகம் தான் அரிபட்டு, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கின்றது. ஆகவே, தகரத்தின் ஆயுள் அப்பூச்சின் ஆயுளேயாம்.

2009 இல் யுத்தம் முடிந்தபின் மீளக்குடியமர்ந்தோர் பலருக்குக் கிடைத்த முதற் கூரை தகரமே. இந்தியாவும் ஆயிரக்கணக்கான தொன் தகடுகளை அனுப்பிற்று. பின்னர், 2012 முதல், இந்திய வீடமைப்புத் திட்டத்தில் 5,50,000 ரூபா பெற்றுக் கல்வீடு கட்டியோரும் அத்தகரங்களை எறிந்துவிடவில்லை. குசினிக்கும் வேலிக்கும் மாற்றிக்கொண்டனர். அவையே இன்று துருவேறி நிற்கின்றன.

முதலில் நிறத்தைப் பாருங்கள். தகடு மங்கிச் சாம்பல் நிறமாய் இருப்பின், பூச்சு இன்னும் உயிரோடிருக்கின்றது. கழுவி விட்டாலே போதும். செந்நிறப் புள்ளிகள் தோன்றியிருப்பின், அவ்விடங்களிற் பூச்சுத் தீர்ந்தது; தீந்தை பூசும் காலம் வந்தது. துரு செதில் செதிலாய் உதிர்ந்து, ஆணி முனையால் அழுத்தியதும் துளை விழுமாயின், அதற்குத் தீந்தை பூசுவது பிணத்துக்குப் பொட்டிடுவது போலாகும். தகரத்தோடு மரச் சட்டத்தையும் தட்டிப் பாருங்கள். கறையான் அரித்த சட்டத்தில் புதுத் தகரம் அறைவதால் யாது பயன்?

பழுதுபார்ப்பதில் ஒரு சொல். ஆணித்துளை அகன்றிருப்பின், இறப்பர் வாசருடன் திருகாணி பூட்டுக. கூரையாயின் அலையின் மேட்டிலே பூட்டுக. பள்ளத்திற் பூட்டினால் நீர் இறங்கும். துளையைச் சீமெந்தால் அடைப்போர் உளர். ஈரச் சீமெந்தின் காரம் துத்தநாகத்தை அரிக்குமாதலின் அது தகாது. சுவர்த் தகரம் பெரும்பாலும் மண்ணைத் தொடும் அடியிலேதான் உக்குகின்றது. அடியை வெட்டி நீக்கி, இரண்டு வரிசை கல் வைத்து, அதன்மேல் நிறுத்தினால் அதே தகரம் இன்னும் பல மாரி காணும்.

பூசுவதாயின், கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, சவர்க்கார நீரால் கழுவி, நன்கு உலரவிட்டு, துருத் தடுப்புப் பூச்சு ஒன்றும் அதன்மேல் தீந்தை இரண்டு தடவையும் பூசுக. பளபளக்கும் புதுத் தகரத்தில் சாதாரண எனாமல் நில்லாது உரியும். கூரைக்கு வெள்ளை நிறமே உத்தமம். நண்பகலில் அதன்கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளைக்கு வெம்மை குறையும்.

மாற்றுவதாயின், முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக்காற்று தகரத்தை விரைந்து தின்னும் என்பதை மறவாதீர். அங்கு அலுமினியமும் துத்தநாகமும் கலந்து பூசிய தகடு கூடுதலாய் உழைக்கும். கல்நார்ச் சீற்றை நாடுவோர், அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைவிப்பன என உலக சுகாதார நிறுவனம் கூறுவதை எண்ணிப் பார்க்க. பழைய கல்நார்ச் சீற்றை உடைத்துத் தூசி எழுப்புவது பெருங் கேடு.

எமது மாணவர் ஒருவரின் வீட்டிற் செல்லடி பட்ட தகரங்கள் சில உள. 2008 இலும் 2009 இலும் இடத்துக்கிடம் உழவியந்திரத்தில் ஏற்றிச் சென்றவை அவை. மகன் எறிவோம் என்றார், தாயார் இசையவில்லை. "மழைக்கும் வெயிலுக்கும் எங்களை வைச்சுக் காத்தது, தம்பி" என்றார். இறுதியில் உக்கியவை நீங்கின. உறுதியானவை துளையடைக்கப்பெற்று விறகுக் கொட்டிலின் சுவராயின. இருவர் சொல்லும் நின்றது.

வாரத் தவணைக் கடன் வன்னிக் குடும்பங்களை வருத்திய கதை நாம் அறிந்ததே. மழை ஒழுகும் கூரைக்குச் செலவு தவிர்க்க முடியாதது. அயலார் கண்ணுக்காக வேலியை மினுக்கக் கடன்படுவது தவிர்க்கக் கூடியது. கூரை முதலில், குசினிச் சுவர் அடுத்து, வேலி கடைசியில் என வரிசை வகுத்து, ஆண்டுக்கு நான்கு தகரம் மாற்றினும் வீடு நிமிரும். அதற்கு வேண்டியது கையிலுள்ள பணமும் சிறிது பொறுமையுமே.