பாடம் வீட்டில், ஹோம்வொர்க் வகுப்பில்: மதுரைக்கு செட் ஆகுமா?

வீட்டில் வீடியோ பார்த்துப் பாடம் படிக்கணும். வகுப்பில் கணக்கு போடணும், சந்தேகம் கேட்கணும். இதுதான் 'ஃபிளிப்டு கிளாஸ்ரூம்'. 2007-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற வேதியியல் ஆசிரியர்கள், வகுப்பைத் தவறவிட்ட மாணவர்களுக்காகப் பாடங்களை ரெக்கார்டு செய்யத் தொடங்கியதில் பிரபலமானது.

தமிழ்நாட்டில் டூல்ஸுக்குப் பஞ்சமில்லை. 2018-ல் வந்த புதிய பாடப்புத்தகங்களிலேயே க்யூஆர் கோடு உண்டு. ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்தில் வீடியோ. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் மணற்கேணி ஆப்.

சிக்கல், ஸ்கேன் செய்ய வேண்டிய போனில்தான். மேலூரோ உசிலம்பட்டியோ, வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது காலையிலேயே அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ராத்திரி திரும்பும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது. மறுநாள் வகுப்பில் அந்தப் பிள்ளைக்குப் பாடமே தெரியாது. பக்கத்து பெஞ்சில் கணக்கே முடிந்திருக்கும்.

அதுக்காக முறையையே தூக்கிப் போட வேண்டாம். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத பிள்ளைக்குத்தான் கணக்கு போடும்போது ஆசிரியர் பக்கத்தில் வேணும். வீடியோவை ஹைடெக் லேபில் முதல் பத்து நிமிஷம் போடலாம். முன்கூட்டியே டவுன்லோடு செய்துவைத்தால் திக்‌ஷா நெட் இல்லாமலும் ஓடும். மிச்ச நேரம் ஆசிரியர் போர்டு பக்கம் போகாமல், பெஞ்ச் பெஞ்சாகப் போகட்டும்.