பக்கவாதத்துக்கு நாலரை மணி நேரம்... டாக்டர் பயிற்சிக்கு 5 ஆண்டில் 30 மணி நேரம்! எங்கே இடிக்கிறது?

ஏஜி - டிஎம்எஸ் மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கி அண்ணா சாலைக்கு மேலே வந்தால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகம். மருத்துவப் பணிகள் இயக்குநரகம் தொடங்கி தமிழக சுகாதாரத் துறையின் பல அலுவலகங்கள் இங்கேதான் இயங்குகின்றன. 108 ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறையும் இதே வளாகத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு வாய் கோணிவிட்டது, ஒரு கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்று பதறும் அழைப்புகளும் அதில் சேர்த்தி.

அதே அண்ணா சாலையில் கொஞ்சம் தள்ளிப் போனால் நட்சத்திர ஹோட்டல்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இது போன்ற ஹால்களில்தான் டாக்டர்களுக்கான 'சிஎம்இ' நடக்கும். அதாவது தொடர் மருத்துவக் கல்வி. பேனர், பை, ஸ்லைடு, மதிய சாப்பாடு, கடைசியில் கிரெடிட் நேரம் போட்ட சான்றிதழ். பக்கவாதமும் மூளைத் தீவிர சிகிச்சையும் இங்கே அடிக்கடி எடுத்துக்கொள்ளப்படும் தலைப்புகள்.

சரி, அங்கே சொல்லிக்கொடுப்பது இங்கே 108-இல் கூப்பிட்டவருக்குப் போய்ச் சேருகிறதா? விஷயம் அதுதான்.

பாஸ் பண்ணின பிறகும் ஏன் படிக்கணும்?

1994-இல் எம்பிபிஎஸ் முடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் படித்த காலத்தில், மூளை ரத்தக்குழாயில் கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கத்திலேயே கிடையாது. படுக்க வை, பிபி பார், பிசியோதெரபிக்கு அனுப்பு. அவ்வளவுதான்.

1995 டிசம்பரில் அமெரிக்காவின் என்ஐஎன்டிஎஸ் ஆய்வு வந்தது. அறிகுறி தொடங்கி 3 மணி நேரத்துக்குள் ஆல்டிபிளேஸ் மருந்தைக் கொடுத்தால் பலன் உண்டு என்று நிரூபித்தது. 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அந்த 3 மணி நேரத்தை நாலரை மணி நேரமாக நீட்டியது. 2015-இல் அடுத்த பெரிய திருப்பம்: பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் குழாய் செலுத்தி கட்டியையே வெளியே இழுத்துவிடலாம் என்று ஐந்து ஆய்வுகள் அடுத்தடுத்து உறுதி செய்தன. 2018-க்குள், ஸ்கேன் பார்த்துத் தேர்ந்தெடுத்த சில நோயாளிகளுக்கு இதை 24 மணி நேரம் வரைகூட செய்யலாம் என்றானது. இப்போது ஆல்டிபிளேஸுக்குப் பதில், ஒரே தடவையில் போட்டுவிடக்கூடிய டெனக்டிபிளேஸ் ஊசி அந்த இடத்தைப் பிடித்து வருகிறது.

ஒரே டாக்டரின் பணிக்காலத்துக்குள் இத்தனை மாற்றம். கல்லூரியில் படித்ததை வைத்தே ஓட்டினால் நோயாளிக்கு நஷ்டம். அதனால் தொடர் கல்வி வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது.

விதி என்ன சொல்கிறது?

இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, ஒரு டாக்டர் 5 ஆண்டுகளில் குறைந்தது 30 மணி நேரம் இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். வருடத்துக்கு 6 மணி நேரம். ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்!

நேரம் குறைவு என்பதைவிட, எதை எண்ணுகிறார்கள் என்பதில்தான் கோளாறு அதிகம். டாக்டர் ஹாலில் இருந்தாரா என்பதற்குக் கணக்கு உண்டு. திரும்பிப் போன பிறகு அவருடைய ஆஸ்பத்திரியில் பக்கவாத நோயாளிக்கு ஊசி போடும் நேரம் ஐந்து நிமிஷமாவது குறைந்ததா என்பதற்கு அந்த 30 மணி நேரத்தில் இடமே இல்லை.

உட்கார்ந்து கேட்பதால் மட்டும் பெரிதாக எதுவும் மாறுவதில்லை என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1999-இல் ஜாமா மருத்துவ இதழில் டேவ் டேவிஸ் குழுவினர் 14 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறும் விரிவுரை டாக்டர்களின் நடைமுறையை மாற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. கேஸை வைத்து, செய்து பார்த்துப் பழகும் அமர்வுகள் மாற்றின. 2009-இல் காக்ரேன் அமைப்பு 81 ஆய்வுகளை அலசியது. கல்விக் கூட்டங்களால் சிகிச்சை நடைமுறையில் கிடைத்த முன்னேற்றம் சராசரியாக 6 சதவீதம் அளவுக்குத்தான். ஒன்றுமே இல்லை என்று தள்ளிவிட முடியாது, ஆனா பெரிதாக நம்பவும் முடியாது.

மாரடைப்புக்கு முடிகிறது, மூளைக்கு ஏன் முடியவில்லை?

தமிழகத்தில் 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். எளிமையான, நல்ல யோசனை.

பக்கவாதத்தில் இதைச் செய்ய முடியாது. வெளியே பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்தாலும், உள்ளே ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், வெடித்தும் இருக்கலாம். அடைப்புக்குத் தரும் மருந்தை ரத்தக்கசிவுக்குக் கொடுத்தால் விபரீதம். எது என்று சிடி ஸ்கேன்தான் சொல்லும். ஆகவே எந்தச் சிகிச்சையும் ஸ்கேன் அறை வழியாகத்தான் போயாக வேண்டும். ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், ஸ்கேன் டெக்னீஷியன், கேஷுவாலிட்டி டூட்டி டாக்டர், ஊசியை எடுத்துத் தரும் நர்ஸ் என்று எல்லோர் கையிலும் சில நிமிஷங்கள் இருக்கின்றன. பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் ஒரு நிமிஷத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது 2006-இல் ஜெஃப்ரி சேவர் என்ற நரம்பியல் நிபுணர் போட்ட கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் இவர்களில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? பெரும்பாலும் நரம்பியல் டாக்டர்களும் பொது மருத்துவ டாக்டர்களும்தான். ராத்திரி 2 மணிக்கு அந்த நோயாளியை முதலில் பார்க்கப்போகிறவர் அன்றைக்கும் டூட்டியில்தான் இருப்பார்.

ஹெல்சின்கி என்ன செய்தது?

பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மருத்துவமனையில் 1998-இல், நோயாளி வாசலுக்கு வந்ததிலிருந்து ஊசி போட 105 நிமிஷம் ஆனது. 2011-இல் அது 20 நிமிஷம். மருந்தும் புதிதில்லை, மெஷினும் புதிதில்லை. ஆம்புலன்ஸில் இருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போனது. நோயாளி வருவதற்குள் பெயர், பழைய நோய் விவரம் எல்லாம் எடுத்து வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரை வார்டுக்குத் திருப்பாமல் நேராக ஸ்கேன் அறைக்குத் தள்ளினார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் டாக்டரே படத்தைப் பார்த்து, அந்த மேஜையிலேயே ஊசி போட்டார். ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குத் தனியாகப் பயிற்சி. மொத்தம் 12 மாற்றங்கள், ஒரே நாளில் இல்லை, வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக.

பின்லாந்தில் நடக்கும், நம்ம ஊரில் நடக்குமா என்று கேட்கலாம். இதே முறையை மெல்போர்னில் ஒரு மருத்துவமனை எடுத்துச் செய்தபோது, பகல் நேரத்தில் 43 நிமிஷமாக இருந்தது சில மாதங்களிலேயே 25 ஆனது. முறையை வேறு ஊருக்குக் கொண்டுபோக முடியும் என்பதற்கு அது சாட்சி.

ஊசி போட்டாச்சு... அப்புறம்?

மூளைத் தீவிர சிகிச்சை என்றதும் தலையைத் திறந்து செய்யும் ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். அதுவும் உண்டு. பெரிய பக்கவாதத்தில் மூளை வீங்கினால் 48 மணி நேரத்துக்குள் மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து வீக்கத்துக்கு இடம் கொடுக்கிறார்கள். 60 வயதுக்கு உட்பட்டவர்களில் இது உயிர் பிழைப்போரை 29 சதவீதத்திலிருந்து 78 சதவீதமாக உயர்த்தியது என்று மூன்று ஐரோப்பிய ஆய்வுகளின் கூட்டு முடிவு 2007-இல் வெளியானது. வீக்கத்தின் முதல் அறிகுறியை, அதாவது கண்மணி விரிவதையும் நினைவு மங்குவதையும், யாராவது பக்கத்தில் இருந்து கவனித்தால்தான் அந்த 48 மணி நேரம் பயன்படும்.

அந்த 'யாராவது' நர்ஸ்தான். கட்டி கரைக்கும் ஊசி போட்டால் முதல் 2 மணி நேரம் 15 நிமிஷத்துக்கு ஒரு தடவை, அடுத்த 6 மணி நேரம் அரை மணிக்கு ஒரு தடவை, பிறகு 24 மணி நேரம் முடியும்வரை மணிக்கு ஒரு தடவை பிபியும் நரம்பியல் நிலையும் பார்க்க வேண்டும். பிபி 180/105-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரத்தம் கசியலாம்.

இதில் ஆஸ்திரேலியாவின் ஓர் அனுபவம் தனியாகச் சொல்ல வேண்டியது. நியூ சவுத் வேல்ஸில் 19 பக்கவாத வார்டுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் நர்ஸ்களுக்கு மூன்றே விஷயங்களில் பயிற்சி: காய்ச்சல், சர்க்கரை, விழுங்கும் திறன். கூடவே, நம் வார்டில் இதைச் செய்ய என்ன தடை என்று டாக்டரும் நர்ஸும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் பட்டறைகள், அடிக்கடி நினைவூட்டல்கள். சாண்டி மிடில்டன் தலைமையிலான இந்த ஆய்வு 2011-இல் லான்செட்டில் வந்தது. 90 நாள் கழித்து இறந்தவர்கள் அல்லது பாதிப்போடு இருந்தவர்கள், பயிற்சி இல்லாத வார்டுகளில் 58 சதவீதம். பயிற்சி பெற்ற வார்டுகளில் 42 சதவீதம். விலை உயர்ந்த மருந்து எதுவும் இல்லை.

விழுங்கும் திறன் என்பது நம்ம ஊரில் இன்னும் முக்கியம். படுக்கையில் இருப்பவருக்கு ரெண்டு வாய் காபியாவது கொடுத்தால்தான் வீட்டாருக்கு மனசு ஆறும். பக்கவாதத்தில் தொண்டைத் தசை வேலை செய்யாவிட்டால் அந்தக் காபி மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் முடியும். சோதித்துப் பார்க்கும்வரை எதுவும் கொடுக்க வேண்டாம் என்று நர்ஸ் அழுத்திச் சொன்னால் தடுக்கலாம்.

இங்கே என்ன இருக்கிறது?

அடிப்படை இல்லாமல் இல்லை. தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டமான 'டேய்'-இல் விபத்து, மாரடைப்போடு பக்கவாதமும் ஒரு பிரிவு. நரம்பு அறுவை சிகிச்சையில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் பி.ராமமூர்த்தி அந்தத் துறையைத் தொடங்கியது 1950-இல். நிபுணர்கள் குவிந்திருக்கும் ஊர் இது. மாவட்டத்துக்குப் போகப் போகத்தான் எண்ணிக்கை சுருங்குகிறது.

அதற்கும் நாட்டுக்குள்ளேயே ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். மலை மாநிலமான இமாச்சலப் பிரதேசத்தில் 2014 முதல், சிடி ஸ்கேன் உள்ள மாவட்ட மருத்துவமனைகளின் பொது மருத்துவ டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் ஸ்கேன் படத்தை ஸ்மார்ட்போனில் அனுப்ப, பெரிய மருத்துவமனையின் நரம்பியல் நிபுணர் போனிலேயே வழி சொல்ல, ஊசி அங்கேயே போடப்பட்டது. இங்கே பயிற்சி வாங்கியவர்கள்தான் நோயாளியையும் பார்த்தார்கள்.

காசு யார் கொடுப்பது?

ஹோட்டல் ஹால் சும்மா கிடைக்காது. மருந்து, கருவி கம்பெனிகள் செலவை ஏற்கும்போது, தலைப்பும் அவர்கள் விற்பதைச் சுற்றியே அமைய வாய்ப்பு அதிகம். ஊசிக்கும் குழாய்க்கும் ஸ்பான்சர் கிடைப்பார். தெர்மாமீட்டருக்கு யார் வருவார்?

கம்பெனி ஸ்பான்சர் செய்யும் கல்வி நிகழ்ச்சிகளுக்குத் தடை போட்ட தேசிய மருத்துவ ஆணையத்தின் புதிய நன்னடத்தை விதிகள் 2023 ஆகஸ்ட் தொடக்கத்தில் வந்து, அதே மாதமே நிறுத்தி வைக்கப்பட்டன. பழைய 2002 விதிகளே திரும்பின. 2024 மார்ச்சில் மத்திய அரசு கொண்டுவந்த மருந்து விற்பனை நெறிமுறை, கம்பெனிகள் இந்த நிகழ்ச்சிகளுக்கு உதவலாம், ஆனா வெளிநாட்டில் நடத்தக் கூடாது, செலவைத் தெரியப்படுத்த வேண்டும் என்கிறது. செலவுக்குக் கணக்கு வந்துவிட்டது. ஊசி போட எத்தனை நிமிஷம் ஆகிறது என்ற கணக்கை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் வெளியிட வேண்டும் என்று இந்த நெறிமுறையிலும் இல்லை, 2002 விதிகளிலும் இல்லை.

நோயாளியின் வீட்டாரிடம் கேஷுவாலிட்டியில் முதலில் கேட்கப்படும் கேள்வி, கடைசியாக எத்தனை மணிக்கு நல்லாயிருந்தார் என்பது. எப்போது கவனித்தீர்கள் என்பது வேறு, இது வேறு. தூங்கி எழுந்தபோதுதான் கை விழுந்தது தெரிந்தது என்றால், படுக்கப் போன நேரத்தைச் சொல்ல வேண்டும். அந்த நாலரை மணி நேரத்தை அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவார்கள்.