முதலாளியின் பக்தியும் தொழிலாளியின் சோறும்

அமெரிக்க நாட்டிலே 1993ஆம் ஆண்டு, மதச் சுதந்திர மீட்புச் சட்டம் என்று ஒரு சட்டம் பிறந்தது. யாருக்காகப் பிறந்தது தெரியுமா, தோழர்களே? வேலை பறிபோன இரண்டு ஊழியர்களுக்காக! ஆரிகன் மாநிலத்தில் போதை மறுவாழ்வு நிலையத்தில் பணியாற்றியவர்கள் அவர்கள். பூர்வகுடி மக்களின் வழிபாட்டிலே கலந்துகொண்டு, பெயோட்டி எனும் கள்ளியைப் பிரசாதம்போல் உண்டார்கள். வேலை போயிற்று. வேலையற்றோருக்குத் தரும் உதவித் தொகையும் கிடையாது என்றது மாநில சர்க்கார். 1990இல் உச்சநீதிமன்றமும் கைவிரித்தது. அதை எதிர்த்து எழுந்த சட்டம்தான் இது. ஜனாதிபதி கிளிண்டன் கையெழுத்திட்டார். எளியவன் தன் கடவுளைக் கும்பிடட்டும், சர்க்கார் குறுக்கே நிற்க வேண்டாம் என்பது அதன் கருத்து. கும்பிடுவதில் நமக்கு நம்பிக்கை இல்லை; ஆயினும் அந்தக் கருத்தை நாம் குறைகூற மாட்டோம்.

அதே சட்டம் பிறகு யார் கைக்குப் போயிற்று என்று பாருங்கள்.

மிச்சிகன் மாநிலத்திலே, ஈமச் சடங்கு நடத்தித் தரும் ஒரு நிறுவனத்தில் ஏறத்தாழ 6 ஆண்டு உழைத்தவர் ஏமி ஸ்டீவன்ஸ். பிணத்தைப் பதப்படுத்துவதும், துக்கப்படுவோருக்குத் துணை நிற்பதும் அவர் வேலை. ஆண் என்று பதிந்து வேலைக்குச் சேர்ந்தவர், 2013இல் முதலாளிக்கு ஒரு கடிதம் கொடுத்தார்: நான் பெண், இனிப் பெண்ணாகவே உடுத்தி வருவேன் என்று. இரண்டே வாரத்தில் சீட்டுக் கிழிந்தது! வாயைத் திறக்காமல் போனால் பணம் தருவதாகவும் பேசினார்கள். அவர் வாங்கவில்லை.

வழக்கு வந்தது. முதலாளி எதை நீட்டினார்? அந்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தை! இவரைப் பெண்ணுடையில் வேலைக்கு வைத்துக்கொள்வது என் மதத்துக்கு விரோதம் என்றார். 2016இல் கீழ்க்கோர்ட் ஏற்றுக்கொண்டது. 2018இல் மேல்கோர்ட் தள்ளியது. தன்பாலீர்ப்பினர், திருநங்கையர் என்பதற்காக வேலைநீக்கம் செய்வது சட்டவிரோதம் என்று 2020 ஜூனில் உச்சநீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அதைக் கேட்க ஏமி இல்லை. மே மாதமே மறைந்துவிட்டார்.

மதத்தைக் காட்டி மனிதனை விரட்டுவது அங்கே புதிதல்ல. தென் கரோலினாவில் ஓர் ஓட்டல் முதலாளி, கறுப்பருக்கு உள்ளே உட்கார வைத்துப் பரிமாற மாட்டேன், வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போகட்டும் என்றார். கேட்டால், தன் மதநம்பிக்கை என்றார்! (தனிக் குவளை பார்த்த நமக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான்.) 1968இல் உச்சநீதிமன்றம் அந்த வாதத்தை அற்பம் என்று ஒதுக்கியது.

ஒதுக்கியது மடிந்ததா? 2016இல் மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது. ஆணும் பெண்ணும் மணப்பதே மணம், அந்த மணத்துக்குள்ளேதான் உடலுறவு, பிறப்பில் கண்டதே பால் — இந்த மூன்று நம்பிக்கைகளுக்கு மட்டும் காவல். தன்பாலீர்ப்பினர் திருமணத்துக்குக் கேக் தர மறுக்கும் கடைக்காரரைச் சர்க்கார் தொடக்கூடாது. பெயரோ மதச் சுதந்திரம்!

பாதிரியார் தம் கோயிலில் யாருக்கு மணம் முடிப்பது என்பது அவர் பாடு. அதில் எவரும் தலையிடவில்லை. நாமும் தலையிடச் சொல்லவில்லை. கடையும் தொழிற்கூடமும் கோயிலா? சம்பளப் பட்டியல் வேதப் புத்தகமா?

2020 தீர்ப்பிலேயே ஒரு கதவு திறந்து கிடந்தது. மதச் சுதந்திரச் சட்டத்தைக் காட்டி முதலாளி தப்பிக்கலாமா என்பதைப் பின்னால் பார்க்கலாம் என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். 2023இல் டெக்சாஸ் முதலாளி ஒருவர் அந்தக் கதவு வழியே போனார். ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு விலக்குத் தந்தது. பணியாளர் எப்படி வாழ வேண்டும் என்று தம் மதப்படி விதி வகுக்கலாம். வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் அவரைத் தடுக்காது.