நிறம் ஏற்றிய சாட்சி

நிழற்படம் பொய் சொல்லாது என்பார் பலர். ஓவியன் மனம் போனபடி தீட்டுவான். கருவியோ கண்டதைக் கண்டவாறே பதியும் என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தைக் கார்ல்ஸ்பாட் நகரின் பழைய படமொன்றின் முன் நிறுத்திப் பார்த்தல் தகும்.

பொகிமியாவின் வெந்நீர் ஊற்று நகரம் அது. இன்று செக் நாட்டில் கார்லோவி வாரி என வழங்குகிறது. நோயாளர் ஊற்றுநீரைக் கிண்ணத்தில் ஏந்தி, சிறிது சிறிதாகப் பருகியபடி உலவுவதற்கென்று 1871க்கும் 1881க்கும் இடையே அங்கொரு மண்டபம் எழுந்தது. வரைந்தவர் யோசெப் சீடெக், தூண்கள் 124. 1890களில் வெளிவந்த அதன் வண்ணப்படத்தைக் கண்டு, 'அக்காலத்து வானமும் மரமும் இப்படித்தான் இருந்தன' என்று மெய்சிலிர்ப்பாரும் உளர்.

அந்த வானத்தைக் கருவி கண்டதா? இல்லை. கருவி பதிந்தது கறுப்பும் வெள்ளையுமே. நிறம் வந்தது 'போட்டோகுரோம்' என்னும் கல்லச்சு முறையால். 1880களில் சூரிச் நகரத்து ஓரெல் ஃபியூஸ்லி அச்சகத்தில் ஹான்ஸ் யாக்கோப் ஷ்மிட் கண்ட முறை அது. ஒளிபட்டால் இறுகும் ஒருவகைத் தாரைச் சுண்ணாம்புக் கல்லில் பூசி, எதிர்மறைத் தகட்டின் வழியே ஒளியைச் செலுத்துவர். இறுகாத பகுதி கரைந்துபோகும், எஞ்சியது அச்சாகும். நிறத்திற்கு ஒரு கல்லாக, ஒரே படத்திற்குப் பத்துக்கு மேற்பட்ட கற்களும் தேவைப்பட்டன. அரிய கைத்திறன்தான், அதனை எவரும் பழிக்கவில்லை. ஆனால் எந்த இடத்திற்கு எந்த நிறம் என்று முடிவு செய்தது மனிதக் கை. ஓவியனிடம் காணும் குற்றத்தை இங்கு மட்டும் மறப்பது என்ன நியாயம்?

நிறத்தை விடுவோம். அம்மண்டபத்தின் தூய அமைதியைக் காட்டி, 'ஆரவாரமற்ற பொற்காலம்' என்கிறார்களே, அது எத்தகைய அமைதி? 1819 ஆகஸ்டில் மெட்டர்னிக் செருமானிய அரசுகளின் அமைச்சர்களைக் கூட்டியது இதே நகரில்தான். அங்கு உருவான ஆணைகள் 320 பக்கத்திற்குக் குறைந்த வெளியீடுகள் அனைத்தையும் முன்தணிக்கைக்கு உட்படுத்தின. பல்கலைக்கழகந்தோறும் கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டார். ஆகாத கருத்துடையவர் என நீக்கப்பட்ட ஆசிரியரை வேறெந்தச் செருமானிய அரசும் பணியில் சேர்த்தல் கூடாது. ஓர் ஆசிரியனின் வாழ்வை அடியோடு முடிக்க இதனினும் எளிய வழி உண்டோ? இவ்வாணைகள் 1848 வரை நின்றன. பின்னர் மண்டபம் எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1874 முதல் 1876 வரை ஆண்டுதோறும் ஈரல் நோய்க்கு நீர் பருக வந்த கார்ல் மார்க்சின் மீது காவல்துறையின் கண் இருந்தது.

1819இல் கருவியே இல்லையே, படத்தின் மீது ஏன் பழி என்று கேட்கலாம். பழி படத்தின் மீதன்று. எழுத்தை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் வரலாறென்று நீட்டுவோர் மீது. 'பத்தொன்பதாம் நூற்றாண்டின் வண்ண நிழற்படம்' என்று அச்சிட்டு மாணவன் கையில் தருவது அவனை ஏமாற்றுவதாகும். 'கறுப்பு வெள்ளைப் படம். நிறம் கல்லச்சில் ஏற்றப்பட்டது. மண்டபம் கட்டிய ஆண்டுகள் 1871–1881. 1819இன் ஆணைகள் பிறந்த நகரம்' என்று அடியில் எழுத இரண்டு வரி போதும். படத்தின் கீழ் அவ்வளவு வெற்றிடம் எப்போதும் இருக்கிறது.