சூரியன் வீசும் காற்று

"வானவெளி வெறும் பாழ்தானே, அங்கே அளப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று மாணவர் ஒருவர் சென்ற வாரம் நம்மை வினவினார். நல்ல வினா. ஒரு காலத்தில் அறிஞர் பலரும் ஏறக்குறைய அவ்வாறே எண்ணியிருந்தனர்.

1958ஆம் ஆண்டிலே சிக்காகோ பல்கலைக்கழகத்து இளம் அறிஞர் இயூஜீன் பார்க்கர் ஒரு கட்டுரை எழுதினார். சூரியனின் வெப்பம் மிக்க வெளிமண்டலம் அடங்கி நில்லாது. மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளாய் எத்திசையும் கடுவேகத்தில் ஓயாது வீசும் என்பது அவர் கணிப்பு. கட்டுரையை மதிப்பிட்ட இருவரும் அதனைத் தள்ளிவிடுமாறு கூறினர். சஞ்சிகையின் ஆசிரியரோ சென்னையிலே கல்வி கற்ற தமிழராகிய சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கும் அக்கருத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. ஆயினும் கணிதத்திலே பிழை காணப்படாமையால் கட்டுரையை வெளியிட்டார்.

இனி வழக்கைத் தீர்க்க வேண்டியது அளவையே. 1959இல் சோவியத் விண்கலங்கள் இத்துணிக்கைகளின் தடயத்தைக் கண்டன. அவை யாவை, எவ்வேகத்தில் வருவன, இடையறாது வருவனவா என்பது மட்டும் தெளிவாகவில்லை. 1962 ஓகஸ்ட் 27ஆம் நாள் வெள்ளிக் கிரகத்தை நோக்கிப் புறப்பட்ட அமெரிக்காவின் மரினர் 2 அதனைத் தெளிவாக்கிற்று. அதன் கருவியை அமைத்தோர் மார்சியா நியூகெபவர், கொன்வே சினைடர் என்னும் இருவர்.

சுளகிலே புடைக்கும்போது மணி ஒருபுறமும் பதர் ஒருபுறமும் பிரியக் காண்கிறோம். இக்கருவி செய்ததும் ஒருவகைப் புடைத்தலே. வளைந்த உலோகத் தகடுகள் இரண்டின் இடைவெளியே துணிக்கைகளின் பாதை. தகடுகளுக்கிடையே மின்னழுத்தம் கொடுத்தால் உள்ளே புகும் துணிக்கை வளையும். சக்தி மிகுந்தது வெளித்தகட்டில் மோதும். குறைந்தது உட்தகட்டில் மோதும். அளவானது மாத்திரம் மறுமுனையை அடைந்து சிறு மின்னோட்டமாகப் பதிவாகும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்ற, ஒவ்வொரு சக்திக்கும் உரிய துணிக்கைகள் தனித்தனியே கணக்கிற்கு வரும்.

வந்த பதிவிலே ஒரு பெரிய முடியும், அதற்கு இருமடங்கான இடத்தில் ஒரு சிறிய முடியும் தோன்றின. காரணம் எளிது. விநாடிக்கு 400 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ஐதரசனின் கருவாகிய புரோத்தனுக்கு ஏறக்குறைய 835 இலத்திரன்வோற்று சக்தி உண்டு. அதே வேகத்தில் வரும் ஈலியக் கருவின் திணிவு நான்கு மடங்கு. ஆதலால் சக்தியும் நான்கு மடங்கு. மின்னேற்றமோ இரு மடங்கே. தகடுகள் அறிவது மின்னேற்றத்தால் வகுத்த சக்தியை மட்டுமாதலால், ஈலியம் இருமடங்கில் நின்றது. கண்ணாற் காணாமலே இனம் பிரிந்துவிட்டது!

மூன்று மாதங்களுக்கு மேலாக அக்காற்று ஒருநாளும் ஓயவில்லை. பார்க்கரின் கணிப்பு மெய்யாயிற்று. 2018இல் அவர் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புறப்பட்டபோது, 91 வயதான அவர் நேரிலே கண்டு மகிழ்ந்தார். 2022இல் அவர் மறைந்தார்.

மாணவர்களே, தகடுகளின் நுட்பத்தை நினைவிற் கொள்ளுங்கள். அதனோடு, தாம் நம்பாத கருத்தாயினும் பிழை காணாதவிடத்து அதற்கு வழிவிட்ட அந்த ஆசிரியரையும் மறவாதீர்கள். அவர் கதவை அடைத்திருந்தால், அளந்து பார்க்கவேண்டும் என்ற எண்ணமே பிந்தியிருக்கக் கூடும்.