ஓடு மாற்ற ஒதுக்கீடு எங்கே?

யாழ்ப்பாணம் நல்லூரில் உள்ள மந்திரிமனை என்ற பழைய கட்டடத்தின் ஒரு பகுதி 2025 செப்டம்பர் மழையில் சரிந்தது. மழையின் மேல் பழி போடுவது சுலபம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர், கூரை ஒழுங்காக இருந்தால் நூற்றாண்டுகள் தாண்டியும் நிற்கும். இரண்டு ஓடு விலகினால் கதை வேறு. ஒழுக்கு முதலில் பனஞ் சலாகையை உளுக்க வைக்கும். பிறகு சுவரின் தலைக்குள் இறங்கிச் சாந்தைக் கரைக்கும். அந்த ஈரத்தில் அரசங்கன்று வேர் பிடிக்கும். இத்தனையும் நடக்கப் பல மாரிகள் பிடிக்கும். செப்டம்பர் மழை செய்தது கடைசி வேலையை மட்டும்தான்.

யாழ்ப்பாணத்துக்குக் காசு வரவில்லை என்று சொல்ல முடியாது. யுத்தத்தில் சிதைந்த கோட்டையைத் திருத்த நெதர்லாந்து கொடுத்தது. பொது நூலகத்துக்கு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 100 மில்லியன் ரூபாய் அறிவிக்கப்பட்டது. இந்தியா 12 மில்லியன் டொலருக்குக் கிட்டச் செலவழித்து, 11 மாடிக் கோபுரமும் 600 இருக்கை மண்டபமும் கொண்ட பண்பாட்டு மையத்தைக் கட்டி 2023 பெப்ரவரியில் கையளித்தது. எல்லாமே நல்ல காரியங்கள். எல்லாமே ஒருமுறைக் காசு. பெயர்க்கல் திறக்கலாம், படம் எடுக்கலாம். ஓடு மாற்றியதற்கு யாரும் பெயர்க்கல் வைப்பதில்லை.

பண்பாட்டு மையத்தை மாநகர சபையின் வருமானத்தால் நடத்த முடியுமா என்ற கேள்வி திறப்பு விழாவுக்கு முன்பே இருந்தது. 2025 ஜனவரியில் திருவள்ளுவர் பெயரைச் சூட்டியபோது பெயர்ப்பலகையை வைத்து ஊரே வாதாடியது. அந்த ஆர்வத்தில் காற்பங்கை மின்கட்டணத்தில் காட்டியிருக்கலாம். குளிரூட்டி, ஜெனரேட்டர், லிப்ட், ஒளி ஒலி தெரிந்த ஆட்கள் என்று இப்படி ஒரு மண்டபம் ஒவ்வொரு மாதமும் காசு கேட்கும். அதை வாடகையில் எடுக்கப் பார்த்தால் வட்டுக்கோட்டைக் கூத்துக்காரர் அந்தப் படியேற முடியாது. மண்டபம் கலியாண வரவேற்புக்கும் விற்பனைக் கண்காட்சிக்கும் போய்விடும். கலைக்கு அரசு மானியம் என்றால் கலைஞருக்கு ஆண்டு விழாவில் பொன்னாடையும் பணமுடிப்பும் என்றே பழகிவிட்டோம். மாதத்தில் சில இரவுகளின் வாடகையை அரசே கட்டி, அந்த இரவுகளைக் கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் விட்டுவிடுவது அதைவிடப் பயன் தரும். இதுவரை நடந்தது வேறு. யாழ்ப்பாணத்தின் வீரசிங்கம் மண்டபம் கூட்டுறவாளர்கள் எழுப்பியது. 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் ஒரு பாதிரியாரின் பிடிவாதத்தில் வளர்ந்தது. இங்கே அரங்கைத் தாங்கியது பெரும்பாலும் அரசு அல்ல.

பழைய கட்டடங்களுக்கு வருவோம். கோட்டைக்குப் பணம் தந்த அதே நெதர்லாந்தில் 1973 முதல் 'மொனுமென்டன்வாக்ட்' என்றொரு அமைப்பு இயங்குகிறது. அதன் ஆட்கள் பழைய கட்டடங்களுக்கு முறை வைத்துப் போவார்கள். கூரை ஏறிப் பார்ப்பார்கள், விலகிய ஓட்டை அங்கேயே சரிசெய்வார்கள், மீதியை அறிக்கையாக உரிமையாளரிடம் கொடுப்பார்கள். உரிமையாளர் சிறு கட்டணம் கட்டுவார், மாகாண அரசு மானியம் கொடுக்கும். யாழ் குடாநாட்டுக்கு இந்த முறையைக் கொண்டுவரப் பெரிய நிதி வேண்டாம். ஒரு வாகனம், ஏணிகள், சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசன்மார் சிலர் போதும். சுண்ணாம்பு வேலை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பழைய சுண்ணக்கல் சுவருக்குச் சீமெந்து பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்துக் கல்லே உதிரும். நல்ல எண்ணத்தோடு இப்படிக் கெடுத்த சுவர்கள் ஏராளம்.

மந்திரிமனை விடயத்தில் எப்போதும் சொல்லப்படும் காரணம் அது தனியார் காணி என்பது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தொல்பொருள் திணைக்களம் அறிவித்தால் உரிமையாளர் தன் விருப்பப்படி இடிக்கவோ மாற்றிக் கட்டவோ முடியாது. கட்டுப்பாடு அவருக்கு, செலவுக்கு மட்டும் ஆளில்லை என்றால் யார்தான் கதவைத் திறப்பார்? திருத்தச் செலவை அரசு ஏற்கட்டும். பதிலுக்கு இத்தனை ஆண்டு மக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்று எழுத்தில் வாங்கட்டும். காணிச் சுவீகரிப்பு கடைசி வழியாக இருக்கட்டும்.

வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்த பின் மாகாணப் பணத்துக்குக் கையெழுத்து ஆளுநருடையதாயிற்று. அவருக்கும் மாநகர சபைக்கும் ஒரே வேண்டுகோள்: அடுத்த பாதீட்டில் 'பராமரிப்பு' என்று தனித் தலைப்பு போடுங்கள், வேறு எதற்கும் மாற்ற முடியாதபடி. தொகை சிறிதானாலும் ஆண்டுதோறும் வரவேண்டும், புரட்டாதிக்கு முன் கைக்கு வரவேண்டும். மாரி தொடங்கிவிட்டால் கூரை ஏற முடியாது.

(கட்டுரையாளர் மரபுரிமைக் கட்டடப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர்)