முயலுக்கு ஈஸ்ட் வாங்குமுன்

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையிலும் சுற்றுப்புறத்திலும் மானாவாரி நிலக்கடலையை நம்பிப் பிழைக்கும் சிறு விவசாயி, கை செலவுக்கு உதவும் என்று பத்துப் பெண் முயல் வாங்கி விட்டால், இரண்டு கவலைகள் அவரைத் தேடி வருகின்றன. ஒன்று, இணை சேர்த்தும் முயல் சினை பிடிப்பதில்லை. மற்றொன்று, பால் மறந்த குட்டிகள் கழிச்சல் கண்டு சாகின்றன. இரண்டுக்கும் ஒரே மருந்து என்று ஈஸ்ட் பொட்டலத்தைக் காட்டுவோர் உண்டு. ஈஸ்ட் கெட்ட பொருள் அல்ல. ஆனால் அது செய்யும் வேலை எது, செய்யாத வேலை எது என்று தெரியாமல் காசைக் கொடுப்பது சரியல்ல.

ரொட்டி மாவை உப்ப வைக்கும் நுண்ணுயிரே ஈஸ்ட். தீவனத்துக்கு இது இரண்டு வகையாக வருகிறது. பீர் ஆலைகளில் மிஞ்சுவதை உலர்த்திய ஈஸ்டில் உயிர் இல்லை; அது ஓர் உணவு. அதில் ஏறக்குறைய 45 சதம் புரதமும் பி வகை வைட்டமின்களும் உண்டு. மற்றொன்று உயிருள்ள ஈஸ்ட். இது குடலில் உள்ள நுண்ணுயிர்களுக்குத் துணை நிற்பதற்காகக் கொடுக்கப்படுவது. குடலில் தங்கிப் பெருகாது. ஆகவே தினமும் கொடுத்தால்தான் பலன். சூடாக்கி அழுத்திச் செய்யும் குச்சித் தீவனத்தில் சாதாரண உயிர் ஈஸ்டின் பெரும்பகுதி செத்துவிடும். பொட்டலத்தில் இருப்பது எந்த வகை என்று கேட்காமல் வாங்கக் கூடாது.

பி வைட்டமினுக்காக ஈஸ்ட் கொடுக்கிறவர்கள் முயலின் வயிற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். முயலின் பெருங்குடல் தொடக்கத்தில் உள்ள பெரிய பை ஒரு புளிப்புத் தொட்டி போன்றது. அங்கே நுண்ணுயிர்கள் பி வைட்டமின்களையும் புரதத்தையும் உண்டாக்குகின்றன. அவை மென்மையான புழுக்கையாக வெளிவரும்போது முயல் மலவாயிலிருந்தே எடுத்து விழுங்கிவிடுகிறது. கூண்டுக்குக் கீழே விழுவது வறண்ட புழுக்கை மட்டும்தான். நார்ச்சத்துள்ள பசுந்தீவனம் தின்னும் ஆரோக்கியமான முயல் தனக்கு வேண்டிய பி வைட்டமினைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்கிறது.

உயிர் ஈஸ்ட் உதவக்கூடிய காலம் ஒன்று உண்டு. குட்டி பாலை விட்டுத் தீவனத்துக்கு மாறும் நான்கு முதல் ஆறு வார வயதில் குடல் நிலைகுலைந்து கழிச்சல் வருகிறது. அயல்நாட்டுச் சோதனைகள் சிலவற்றில் ஈஸ்ட் கொடுத்த குட்டிகளின் சாவு குறைந்தது. வேறு சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. திடீரென்று தீவனத்தை மாற்றாமல், 14 சதத்துக்குக் குறையாத நார்ச்சத்து கொடுத்து, கம்பி வலைத் தரையைச் சுத்தமாக வைத்திருப்பவருக்கு ஈஸ்டினால் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் சொற்பமே. கழிச்சல் ரத்தக்கழிச்சல் நோயினால் வந்தது என்றால் ஈஸ்ட் அதைக் குணப்படுத்தாது. கால்நடை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இனி சினை விஷயம். திருவண்ணாமலையில் சித்திரை, வைகாசியில் வெயில் 38 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் கீழ் இன்னும் அதிகம். வெப்பம் 30, 32 டிகிரிக்கு மேல் நாள் கணக்கில் நீடித்தாலே ஆண் முயலின் விந்தணுக்கள் கெடத் தொடங்கும். வெப்பம் தணிந்த பிறகு புது விந்தணு உருவாகி முதிர ஏழு, எட்டு வாரம் பிடிக்கும். வைகாசியில் சினை பிடிக்கவில்லை என்று ஆனியில் ஈஸ்ட் வாங்குகிறார் விவசாயி. ஆவணியில் முயல் சினை பிடிக்கிறது. பெயர் பொட்டலத்துக்குப் போகிறது. வேலை செய்தது தணிந்த வெயில்தான். முயல் இனங்களை வளர்த்துப் பெருக்கிய சாண்டிநல்லா நீலகிரியிலும், மன்னவனூர் கொடைக்கானல் மேல்மலையிலும் இருப்பதை மறக்கக் கூடாது. குளிர் மலையில் வளர்ந்த இனத்தைச் சமவெளிக்குக் கொண்டு வந்தால் முதல் செலவு நிழலுக்கே ஆக வேண்டும். கீற்றுக் கூரை, வேப்பமர நிழல், நாலு புறமும் காற்று, எப்போதும் குளிர்ந்த நல்ல தண்ணீர், கடும் பகலில் தொங்கவிட்ட ஈரச்சாக்கு ஆகியவையே சினைக்கு முதல் மருந்து. இணை சேர்ப்பதையும் விடியற்காலையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது பிண்ணாக்கு. கடலை விளையும் மாவட்டம் இது. மலிவாகக் கிடைக்கிறதென்று பூசணம் பூத்த பிண்ணாக்கை முயலுக்குப் போடுவது இங்கே எளிதில் நேரும் தவறு. அந்தப் பூசணத்தில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கடலைப் பிண்ணாக்குத் தீவனத்தால் மாண்டதிலிருந்துதான் இந்த நஞ்சு உலகுக்குத் தெரிந்தது. முயல் இந்த நஞ்சைக் கொஞ்சமும் தாங்காது. ஈரல் கெட்டு, தீவனம் எடுக்காமல் இளைத்துச் சாகும். ஈஸ்டின் மேல்தோல் நஞ்சைப் பிடித்துக்கொள்ளும் என்பது ஓரளவே உண்மை. பூசணப் பிண்ணாக்கில் ஈஸ்டைக் கலந்து சரிக்கட்டலாம் என்று எண்ணுவது ஆபத்து. சந்தேகம் வந்தால் பிண்ணாக்கை விலக்கிவிட வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதிக்கும் ஆய்வுக்கூடம் இருக்கிறது.

ரொட்டிக்கடை ஈஸ்டைக் கரைத்து ஊறவைத்த தவிட்டில் கலந்து கொடுப்பதும் கூடாது. தவிடு புளித்து வயிற்றில் வாயு கட்டும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு உப்பினால் பிழைப்பது அரிது.

இவ்வளவும் சரி செய்த பிறகும் ஈஸ்டைப் பார்க்க விரும்புகிறவர் தம் கூண்டிலேயே சோதிக்கலாம். பத்துப் பெண் முயல் இருந்தால் ஐந்துக்குக் கொடுத்து, ஐந்துக்குக் கொடுக்காமல், ஒரே பருவத்தில், ஒரே ஆண் முயல்களோடு சேர்க்க வேண்டும். இணை சேர்த்த தேதி, ஈன்ற குட்டி, பால் மறக்கும்போது உயிரோடிருந்த குட்டி ஆகியவற்றை நோட்டில் எழுத வேண்டும். ஓர் ஈற்றை வைத்து முடிவு கட்டாமல் மூன்று ஈற்றாவது பார்க்க வேண்டும். ஈஸ்ட் கொடுத்த பக்கம் கூடுதலாகத் தங்கிய குட்டிகளின் விலை பொட்டலத்தின் விலையைத் தாண்டினால் தாராளமாக வாங்கலாம். தாண்டாவிட்டால் அந்தக் காசு கீற்றுக்கும் வேலிமசால் விதைக்கும் போகட்டும்.